வளருகிற பிள்ளையின் சப்பாத்து

பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கச் செல்லும் தகப்பன் அதன் காலைப் பார்ப்பதில்லை. அதன் வருங்காலத்தையே பார்க்கிறான். என் தந்தையார் இந்த இனத்தைச் சேர்ந்தவர். கிண்ணியாப் பாலம் 2009 ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. என் பிள்ளைப் பருவத்தில் திருகோணமலைக் கடைத்தெருவுக்குச் செல்வதானால் படகுப் பாதையில் ஏறித் துறையைக் கடக்க வேண்டும். அவ்வளவு சிரமப்பட்டு வாங்கும் பொருள் இரண்டு வருடமாவது உழைக்க வேண்டாமா? சப்பாத்தின் நுனியைப் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பார். விரல் தாராளமாக அமிழ்ந்தால்தான் அவருக்குத் திருப்தி. "வளருகிற பிள்ளை" என்ற இரண்டு சொற்களோடு விவகாரம் முடிந்துவிடும். எஞ்சிய இடத்தைப் பழைய பத்திரிகைத் தாளால் அடைப்போம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கே அதில் முதலிடம், பக்கங்கள் அதிகமல்லவா? (வாசகர்கள் கோபிக்க வேண்டாம்; படித்து முடித்த பின்னரே கிழித்தோம்.) கால் வளர்ந்து சப்பாத்தை நிரப்பும் காலம் வரும்போது அடித்தோல் தேய்ந்து போயிருக்கும். ஆகவே, என் காலுக்குப் பொருந்திய சப்பாத்தை நான் பிள்ளைப் பருவத்தில் அணிந்ததேயில்லை.

பட்டவன் மறக்கமாட்டான் என்பார்கள். நான் மறந்துவிட்டேன்.

குறிஞ்சாக்கேணியில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன். மணல் ஒழுங்கைகளில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவன். 800 மீற்றர் ஓட்டத்தில் எங்கள் பாடசாலையில் அவனுக்கு நிகரில்லை. 2023 ஆம் ஆண்டு வெளியூர் மைதானமொன்றில் ஓடுவதற்கு அவன் தெரிவானபோது, ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து பணம் போட்டோம். ஓட்டச் சப்பாத்து வாங்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று. அவனை அழைத்துச் செல்ல எனக்குத் தோன்றவில்லை. அவனுடைய பழைய செருப்பின் இலக்கத்தைக் கேட்டுக்கொண்டு போனவன், அதற்கும் இரண்டு இலக்கம் கூடியதாகப் பார்த்து எடுத்தேன். என் வாயிலும் அந்த இரண்டு சொற்களே வந்தன.

கடைசி வளைவுவரை அவனே முன்னணியில் நின்றான். அங்கே வலது சப்பாத்து காலை விட்டுக் கழன்றது. கணுக்கால் பிசகி விழுந்தான். நான் ஓடிச்சென்று தூக்கியபோது அவன் அழவில்லை. "சேர், சப்பாத்து நல்லதுதான்; என்ட காலுதான் சின்னன்" என்றான். கொடுத்தவர் மனம் நோகக்கூடாதென்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறான்!

அவ்வருடம் மார்கழி விடுமுறையில் கனடாவில் வாழும் என் தங்கை அழைத்ததால் ரொறன்ரோ சென்றேன். என் மருமகனுக்கு அப்போது ஒன்பது வயது. பனிக்கட்டித் தரையில் ஆடும் ஹொக்கி விளையாட்டில் சேர்ந்திருந்தான். அதற்கென்றே உள்ள சறுக்குச் சப்பாத்து வாங்க எல்லோரும் கடைக்குப் போனோம். மைத்துனர் பெரிய கணக்காளர். கடல் கடந்தும் நம்மவர் நம்மவர்தாமே! "இரண்டு இலக்கம் கூட்டிக் கொடுங்கள், வளருகிற பிள்ளை" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

கடையிலிருந்த முதியவர் மறுத்துவிட்டார். விற்க வந்தவர் விற்க மறுத்ததை அன்றுதான் கண்டேன். சறுக்குச் சப்பாத்தின் இலக்கம், நடக்கும் சப்பாத்தின் இலக்கத்திலும் ஒன்று அல்லது ஒன்றரை குறைவாகவே இருக்கும் என்றார். பையனின் இரண்டு கால்களையும் ஓர் உலோகத் தட்டில் வைத்து அளந்தார். அமெரிக்காவில் பிரன்னொக் என்பவர் 1920களில் அமைத்த கருவி அது. நீளத்தோடு அகலத்தையும் காட்டும். ஓர் இலக்கத்துக்கும் அடுத்த இலக்கத்துக்கும் உள்ள வேற்றுமை அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு என்றும், அது ஒரு வாற்கோதுமை மணியின் நீளமென்று பழைய ஆங்கிலேயர் வைத்த கணக்கு என்றும் அவர் விளக்கினார். என் மனம் உடனே குறிஞ்சாக்கேணிக்குத் திரும்பிற்று. நான் கூட்டி வாங்கியவை இரண்டு மணிகள்.

அடுத்து நடந்தது ஒரு வைத்தியரின் பரிசோதனை போலிருந்தது. பையனை இருத்திச் சப்பாத்தை மாட்டி, குதியைப் பின்புறமாகத் தட்டி உட்காரச் செய்தார். நாடாவை இறுக்கி எழுந்து நிற்கச் சொன்னார். விரல் நுனி முன்புறத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். முழங்காலை மடித்தால் சற்றே பின்வாங்க வேண்டும். குதி மட்டும் மேலெழவே கூடாது. அடியிலுள்ள அலகின் தடிப்பு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்தான். உடம்பின் பாரம் முழுவதையும் தாங்கித் திரும்புவது அதன் விளிம்பு. சப்பாத்துக்குள்ளே கால் அசைந்தால் அலகு சொன்னபடி கேளாது. கணுக்கால் உட்புறமாகச் சாயும். பொருத்தமானதைத் தெரிந்த பின்னும் அவர் விடவில்லை. சிறிய அடுப்பொன்றில் சில நிமிடம் சூடாக்கி, இளகிய நிலையில் மீண்டும் மாட்டி, அது காலின் வடிவைப் பெறும்வரை பையனை அசையாமல் உட்கார வைத்தார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதுதான் பெரிய தண்டனை.

"அடுத்த வருடம் கால் வளர்ந்துவிடுமே?" என்றார் மைத்துனர், தோல்வியை ஒப்புக்கொள்ளாமல்.

"வளர்ந்ததும் இதைக் கொடுத்துவிட்டு வேறொருவர் கழித்ததை வாங்குங்கள். இவன் விளையாடப்போவது இந்த வருடம்" என்றார் முதியவர். பிள்ளைகளின் பழைய சறுக்குச் சப்பாத்துகள் கைமாறுவது அங்கே வழக்கமாம்.

தை மாதம் ஊர் திரும்பியதும் அந்த மாணவனை ஒருநாள் பின்னேரம் வரச்சொன்னேன். நாள் முழுவதும் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்குமாதலால், அளப்பதற்கு அதுவே தக்க வேளை. வகுப்பறைத் தரையில் வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் அவனை நிற்கச் செய்தேன். "ஏன் சேர், இன்னொருக்காவா?" என்று தயங்கினான். இடது கால் வலது காலைவிட ஒரு நூலளவு நீளம். பெரிய காலுக்கே வாங்க வேண்டுமென்று குறித்துக்கொண்டேன். வலது காலை மறுபடி வரையும்போது பென்சில் உள்ளங்கால் வளைவை அடைந்தது. கூச்சம் தாங்காமல் சிரித்துக் காலை இழுத்துக்கொண்டான். கோடு கோணலாகிவிட்டது. இன்னொரு தாள் எடுத்தேன்.