சிவப்புப் பேனா

இடைவேளை மணி அடித்தும் எட்டாம் ஆண்டுப் பொடியன்கள் இருவர் வாதாடிக்கொண்டு நின்றனர். சுப்பர்மேனும் ஹல்க்கும் மோதினால் வெல்வது யார்? தீர்ப்புக்கு என்னிடம் வந்தார்கள்.

அறிந்ததைச் சொன்னேன். 1938இல் பிறந்த சுப்பர்மேனுக்கு அப்போது பறக்கத் தெரியாது. எட்டில் ஒரு மைல் தூரம் பாய்வான், அவ்வளவுதான். பறக்கும் ஆற்றல் பின்னர் கொடுக்கப்பட்டது. 1996இல் மார்வெல், டீ.சீ. பதிப்பகங்கள் தம் வீரர்களை மோதவிட்டபோது, முக்கியமான ஐந்து சண்டைகளின் முடிவை வாசகர்களின் வாக்குகளே தீர்மானித்தன. ஹல்க் தோற்றான். ஆனால், சுப்பர்மேனுக்கே ஈடுகொடுக்கும் வொண்டர் வுமனும் வானிலையை ஆளும் ஸ்டோர்மிடம் தோற்றாள். புஜபலத்தை விருப்பம் வென்றது.

"அப்ப பேனா வெச்சிருக்கிறவர்தான் பலசாலி, சேர்!" என்றான் சிறியவன்.

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. முந்திய வாரப் பேச்சுப் போட்டியில் நன்றாகப் பேசியவன் அவன்தான். வலயப் போட்டிக்கு நான் எழுதியதோ மற்றவனின் பெயரை. வழமையாகப் போகிறவன் என்பதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இருக்கவில்லை.

வகுப்பின் வாக்குக்கு விடலாமா? அதுவும் விருப்பந்தானே. புள்ளிக் கொப்பியைத் திறந்து மீண்டும் கூட்டிப் பார்த்தேன். பின்னர், இருவரும் பார்த்திருக்கவே, பட்டியலில் ஒரு பெயரை வெட்டினேன்.