நுங்கம்பாக்கத்தில் இரண்டு நாள்

சென்னை ஓப்பன் பெண்கள் டென்னிஸ் பார்க்க, 2022 செப்டம்பர் 17, 18 தேதிகளில், கடலூர், சிதம்பரம் பக்கத்துப் படிப்பகப் பெண்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நுங்கம்பாக்கம் போனோம். "டென்னிஸ் நம்ம பிரச்சினையா தோழர்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். செப்டம்பர் 11, இமானுவேல் சேகரன் நினைவு நாள் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இறுதிப் போட்டியில் செக் நாட்டு லிண்டா ஃப்ருவிர்தோவா முதல் செட்டை 4-6 என இழந்தார். அடுத்த இரண்டையும் 6-3, 6-4 என எடுத்து, போலந்தின் மாக்டா லினெட்டை வென்றார். வயது 17. "அப்ப அந்த அக்கா ப்ளஸ் டூவா?" என்றாள் ஒருத்தி. அடுத்த கேள்வி: "நம்ம ஊர்ல இதை எங்கண்ணா ஆடுவாங்க?"

நம் பக்கம் டென்னிஸ் கோர்ட் பெரும்பாலும் மதிலுக்குள்தான். (சிதம்பரத்துப் பிள்ளைகளுக்கு மதிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நந்தனார் கதையோடு வளர்ந்தவர்கள்.) அதை விடுங்கள். கேட்டவளின் பள்ளி மைதானம் ஊர்த்தெரு ஓரம் இருக்கிறது. பள்ளி விட்டபின் காலனிப் பிள்ளைகள் நின்றால், "நேரமாச்சு, கிளம்புங்க" என்பார்கள். ஊர்ப் பையன்களுக்கு மட்டும் நேரமே ஆவதில்லை.

கோயம்பேட்டில் பஸ் ஏறியதும் 1974 டேவிஸ் கோப்பைக் கதையைச் சொன்னோம். இந்தியா இறுதிக்கு வந்திருந்தது. அணியில் சென்னையின் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள். எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசோடு ஆடமாட்டோம் என்று இந்தியா மறுத்தது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அது சரியான முடிவு, நாமும் பெருமைப்படலாம். ஆனால் 2001இல் அதே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐநா இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தபோது, சாதி இனப் பாகுபாடு ஆகாது, அதை அங்கே பேசக்கூடாது என்று நின்றதும் இந்திய அரசுதான். அடுத்தவன் வீட்டு மதில் நமக்கு நன்றாகத் தெரிகிறது.

பிள்ளைகளுக்குப் பிடித்தது ஆல்தியா கிப்சன் கதைதான். 1957இல் விம்பிள்டன் வென்ற முதல் கறுப்பினப் பெண். நியூயார்க்கின் ஹார்லெமில், பகலில் வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளுக்கு விட்ட தெருவில் மட்டை பிடித்தவர். அவரை டென்னிஸ் கிளப்பில் சேர்க்கப் பணம் திரட்டியது அக்கம்பக்கத்தார். அரசாங்கம் அல்ல, பணக்காரரும் அல்ல. "தெருவையே மறிச்சாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

பள்ளி மைதானத்தை மாலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறக்கச் சொல்லி மனு எழுதினோம். பதினொரு பெண்பிள்ளைகள் கையெழுத்துப் போட்டார்கள். பதில் வரவில்லை. காலனி சிமெண்ட் ரோட்டில் கோலமாவால் கோடு போட்டு, இரண்டு வீட்டுத் திண்ணைத் தூணில் கயிறு கட்டி ஆடுகிறார்கள். டிராக்டர் வந்தால் அவிழ்க்கிறார்கள், போனதும் கட்டுகிறார்கள்.