காவிரிக் கரையில் ஒரு சியாச்சின்

தமிழில் 'பனி' என்ற வார்த்தைக்கு வேலை ஜாஸ்தி. மார்கழி விடியற்காலையில் காவிரிப் பாலத்தின் மேல் புகை மாதிரி நிற்பதும் பனி. வாசலில் நிறுத்திய ஸ்கூட்டரின் சீட்டை நனைத்து வைப்பதும் பனி. இமயமலையில் ஆளை உயிரோடு புதைத்துவிடுவதும் அதே பனிதான். முதல் இரண்டுக்கும் திருச்சிக்காரர்கள் குரங்குக் குல்லா, மஃப்ளர் சகிதம் எப்போதும் தயார். மூன்றாவதை, சினிமாவில் கதாநாயகி ஷிஃபான் புடவையில் நடுங்காமல் ஆடும்போது பார்த்ததோடு சரி.

அப்பேர்ப்பட்ட ஊரில் வருஷா வருஷம் புரட்டாசியில் பனி பெய்கிறது. வீட்டுக்குள்ளே! கொலுவில்!

நவராத்திரி சமயத்தில் சத்திரத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்தில் இறங்குங்கள். உத்திர வீதி, சித்திரை வீதி எங்கே நுழைந்தாலும் சாயங்காலம் பட்டுப்பாவாடைகள் சுண்டல் பொட்டலத்துடன் எதிரே வரும். (ஸ்ரீரங்கத்துத் தெருக்களையும் அங்கே திரிந்தவர்களையும் பற்றி சுஜாதா எழுதிவிட்டுப் போய்விட்டார். மற்றவர்களுக்கு மிச்சம் சுண்டல்தான்.) படிகளில் தசாவதாரம், கல்யாண செட், செட்டியார், மரப்பாச்சி. கீழே தரையில் 'பார்க்'. மணலில் கடுகோ கேழ்வரகோ முளைக்கவிட்டுப் புல்தரை, கண்ணாடித் துண்டில் குளம், அதில் ரெண்டு பிளாஸ்டிக் வாத்து. ஒரு மூலையில் பஞ்சு ஒட்டிய கைலாசம். உலகத்தில் எங்கேயும் மியூசியத்தில் 'டயோரமா' என்று கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிறார்களே, அதன் அத்தை பெண்தான் இந்த பார்க். பாரிஸில் 1822-ல் டாகேர் என்பவர் பெரிய திரைச்சீலைகளில் ஓவியம் தீட்டி, வெளிச்சத்தை மாற்றி மாற்றிக் காட்டி, அதற்கு டயோரமா என்று பெயர் வைத்துக் காசு வசூலித்தார். பிறகு அவரே போட்டோகிராஃபியில் இறங்கிவிட்டார். நம் மாமிகள் காசு வாங்குவதில்லை. வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் கொடுத்தல்லவா அனுப்புகிறார்கள்! பி.காம். படித்தவன் பார்வையில் இது படு நஷ்டமான தொழில்.

எனக்குத் தெரிந்தவர் ஒருவர், "ஒரு வீட்டில் மாமா பார்டர் செட் வைக்கிறார். பார்த்துட்டு வாங்க. பனி அப்படியே இருக்கும்" என்றார். பஞ்சு ஒட்டியிருப்பார், வேறென்ன என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். பஞ்சு இல்லை!

மாமா, திருவெறும்பூர் பக்கம் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஊரே 'மலைக்கோட்டை, உச்சிப் பிள்ளையார், சுருட்டு' என்று திருச்சியைச் சொல்லிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் ராணுவத்துக்கான துப்பாக்கி தயாராகிறது என்பது பல பேருக்கு உறைப்பதில்லை. பக்கத்திலேயே ஹெச்.ஏ.பி.பி. என்று இன்னொரு தொழிற்சாலை. டாங்கியின் கனத்த இரும்புத் தோலைத் துளைக்கிற டங்ஸ்டன் குண்டுத் தண்டுகள் அங்கே செய்கிறார்கள். ஆக, மாமாவுக்கு மில்லிமீட்டர் கணக்கு ரத்தத்தில் ஊறியது. அதுதான் கொலுவுக்கு வந்த ஆபத்து.

ஏனென்றால் கொலுவுக்கு ஸ்கேல் கிடையாது. பண்ருட்டிச் செட்டியார் எழுந்து நின்றால் பக்கத்தில் இருக்கும் கோயில் கோபுரம் அவர் இடுப்புக்கு வரும். கிரிக்கெட் செட்டில் விக்கெட் கீப்பர் யானையைவிடப் பெரியவர். யாரும் கேட்பதில்லை. மாமா கேட்டார்.

"வாங்கோ, உக்காருங்கோ. முதல்ல அளவைப் பாருங்கோ. எல்லாம் முப்பத்தஞ்சுல ஒண்ணு. அஞ்சே முக்கால் அடி ஆளுன்னா இங்க அஞ்சு சென்டிமீட்டர். ஒரு அடி பனி விழுந்தா இங்க ஒரு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி."

இந்த முப்பத்தைந்து என்ன கணக்கு என்று கேட்டால் அதிலும் ஒரு கதை இருக்கிறது. ஜப்பானில் டாமியா கம்பெனி அறுபதுகளின் தொடக்கத்தில் 'பேந்தர்' டாங்கி பொம்மை பண்ணும்போது உள்ளே மோட்டாரும் பேட்டரியும் வைக்க இடம் வேண்டியிருந்தது. அதற்குத் தக்கபடி டாங்கியின் சைஸ் அமைந்தது. அளந்து பார்த்தால் சுமார் முப்பத்தைந்தில் ஒன்று! பேட்டரி நிர்ணயித்த அளவை இன்று உலகம் பூரா ராணுவ மாடல் செய்கிறவர்கள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மாமாவின் போஃபர்ஸ் பீரங்கிக்குக் குழாய் மட்டும் பதினேழு சென்டிமீட்டர். நிஜத்தில் ஆறு மீட்டர். பேனா ரீஃபிலும் அலுமினியக் குழாயும் வைத்து அவரே செய்தது.

சரி, பனி? மாமா ஆரம்ப காலத்தில் எல்லோரையும்போலப் பஞ்சுதான் வைத்தாராம். "பஞ்சு, மேகம் மாதிரி இருக்கும், தலைகாணி மாதிரி இருக்கும், பனி மாதிரி மட்டும் இருக்காது. நார் தெரியறது பாருங்கோ." அடுத்த வருஷம் அரிசி மாவு. பார்க்கப் பிரமாதம். மூன்றாம் நாள் காலை எழுந்து பார்த்தால் எறும்புகள் சாரி சாரியாக வந்து இந்திய நிலைகள் அனைத்தையும் பிடித்துவிட்டன. ஒரு ராணுவமும் இத்தனை ஒழுங்காக மலையேறியதில்லை. மாமி மஞ்சள் பொடி போட்டு எல்லையை மீட்டாள். பனி மஞ்சளாகிவிட்டது.

அதற்கடுத்து உப்பு. நவராத்திரிக்கு இங்கே அடிக்கடி மழை பிடித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் ஏறியதும் உப்பு கசிய ஆரம்பித்தது. ஜவான்கள் முட்டிவரை கஞ்சியில் நின்றார்கள். வெளிநாட்டில் சமையல் சோடாவைப் பசையில் குழைத்துப் போடுவதுண்டு. நாளாக நாளாகப் பழுப்பேறும் என்று அங்கே கவலைப்படுகிறார்கள். பத்து நாள் கொலுவுக்கு அந்தக் கவலை எதற்கு என்று அதையும் பார்த்திருக்கிறார். தெர்மோகோலைத் துருவித் தூவியதில், பனி முழுக்கப் பேரன் கைகளிலும் மாமியின் புடவையிலும் ஒட்டிக்கொண்டு வீடெல்லாம் நடமாடியது. தெர்மோகோல் மலைக்கே ஒரு தடவை ஸ்ப்ரே பெயின்ட் அடித்தாராம். தின்னர் பட்டதும் மலை புஸ்ஸென்று உள்வாங்கிக்கொண்டது. "டைகர் ஹில் அரை மணியில காணாமப் போயிடுத்து!"

கடைசியில் விடை வாசலிலேயே இருந்தது. கோலப்பொடி! அரிசி மாவு இல்லை, கடையில் விற்கும் வெள்ளைக் கல் பொடி. எறும்பு தொடாது, மழைக்குக் கசியாது, லேசாக மினுக்கும். டி.வி. வந்த பெட்டியின் தெர்மோகோலை அறுத்து மலை வடிவம். அதன் மேல் ஃபெவிகால் தண்ணீரில் நனைத்த நியூஸ்பேப்பரைக் கசக்கி ஒட்டினால் பாறை. காய்ந்ததும் பழுப்பு, சாம்பல் வர்ணம். பிறகு சுவருக்குப் பூசும் வெள்ளைப் புட்டியைக் குழைத்து, பனி தங்கும் இடங்களில் மட்டும் அப்பி, ஈரம் காய்வதற்குள் டீ வடிகட்டியில் கோலப்பொடியைச் சலிக்க வேண்டும். மேலேயிருந்து நேராக! அதுதான் சூட்சுமம். பனி வானத்திலிருந்து விழுகிறது. செங்குத்தான பாறையில் நிற்காது. பங்கர் கூரையில் தங்கும், சுவரில் தங்காது. பஞ்சு ஒட்டுகிறவர்கள் எல்லாப் பக்கமும் ஒட்டிவிடுவதால்தான் மலை சவரம் செய்துகொள்ள சோப்பு போட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

"இன்னொண்ணு. பனியோட நிழல் கறுப்பா இருக்காது, நீலமா இருக்கும்" என்றார். அதற்கு மாமா எந்த ஜெர்மன் பெயின்டையும் தேடிப் போகவில்லை. வேட்டிக்குப் போடும் சொட்டு நீலம்! புட்டியில் ரெண்டே சொட்டு. குளத்துக்கு வழக்கமான கண்ணாடிதான். மேலே மெழுகுவர்த்தியை உருக்கி மெல்லிசாக ஊற்றியதில் உறைந்த ஏரி. வாத்துகளுக்கு அனுமதி மறுப்பு.

மாமிக்கு இதில் ஒரு பெரிய மனஸ்தாபம். "பச்சையே இல்லாம ஒரு கொலுவா? முளை போடாம எப்படி?" நியாயமான கேள்வி. மாமா புத்தகங்களைப் புரட்டி, திராஸ் பள்ளத்தாக்கில் கோடையில் பார்லி விளைகிறது என்று கண்டுபிடித்தார். மலையடிவாரத்தில் கேழ்வரகு முளை பார்லி வயலானது. சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

பார்க் இரண்டு பகுதியாக இருந்தது. இடது பக்கம் கார்கில். அதில் பனி கொஞ்சம்தான். 1999-ல் மே முதல் ஜூலை வரை நடந்த சண்டை அது. அந்த மாதங்களில் அந்த மலைகளில் மொட்டைப் பாறையும் சரளையும்தான் அதிகம், பள்ளங்களில் மட்டும் பழைய பனி. ஒளிந்துகொள்ள ஒரு புதர் கிடையாது. மேலே இருப்பவன் கீழேயிருந்து ஏறுபவனைச் சாவகாசமாகச் சுடலாம். வெள்ளைவெளேரென்று கார்கில் செட் வைக்கும் வீடுகளைப் பார்த்தால் மாமாவுக்குக் கோபம் வரும். "பனியில செத்தான்னு நெனச்சுக்கறா. பாறையில மறைவு இல்லாம செத்தான் சார்!"

திருச்சிக்காரர்களுக்கு அந்த வருஷம் மறக்காது. மேஜர் சரவணன் நம் ஊர். பீகார் ரெஜிமென்ட். 1999 மே 29 அன்று படாலிக் பகுதியில் முன்னின்று போரிட்டு உயிர்விட்டார். உடல் அந்த மலையிலேயே கிடந்து, மீட்டுக் கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வீர் சக்ரா கொடுத்தார்கள். கன்டோன்மென்ட்டில் வெஸ்ட்ரி ஸ்கூல் ரவுண்டானாவில் அவர் நினைவுத் தூண் இருக்கிறது. பஸ் அதைச் சுற்றிக்கொண்டு திரும்பும்போது ஜன்னலோரத்தில் இருப்பவர்களாவது ஒரு தரம் பார்க்கலாம்.

வலது பக்கம் சியாச்சின். இதுதான் முழு வெள்ளை. 1984 ஏப்ரல் 13-ல் ராணுவம் போய் இறங்கியதிலிருந்து அங்கே வருஷம் பூரா ஆள் இருக்கிறது. எதிரியின் குண்டைவிட குளிரும் பனிச்சரிவும் அதிகம் பேரைக் கொன்ற இடம். 2016 பிப்ரவரி 3-ல் மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் சோனம் முகாமில் சரிவுக்குள் புதைந்தார்கள். அதில் நாலு பேர் தமிழ்நாடு. ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு தோண்டி எடுத்து, நாடே கும்பிட்டும், 11-ம் தேதி அவரும் போய்விட்டார்.

இந்த சியாச்சினில் ஒரு விசித்திரம் கவனித்தேன். பங்கர் வாசலில் மட்டும் பனி அழுக்காக இருந்தது. கரி படிந்து, காலடித் தடங்கள் மிதிபட்டு, ஓரத்தில் குட்டிக் குட்டி ஜெரிகேன்கள்.

"அது என் பையன் சொன்னது தம்பி" என்று குரல் வந்தது. எதிர்வீட்டு அக்கா. துறையூர்ப் பக்கம். சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மகன் ராணுவத்தில். இப்போது 'மேலே' போயிருக்கிறான். எந்த இடம் என்று சொல்ல மாட்டான், போட்டோவும் அனுப்பக்கூடாது. ஆனால் போனில் மாமாவிடம், "சார், பனி அவ்வளவு சுத்தமா இருக்காது. மண்ணெண்ணெய் அடுப்பு வெச்சிருக்கோம். வாசல் எல்லாம் ஒரே கரி" என்றிருக்கிறான். மாமா உடனே பென்சில் முனையைச் சீவிப் பொடி பண்ணித் தூவிவிட்டார்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். வெளிநாட்டு மாடல்களில் அடிபட்டுக் கிடப்பவர்கள், ஸ்ட்ரெச்சர், சிலுவை எல்லாம் வைப்பார்கள். தத்ரூபம் என்றால் அதுவும் வேண்டும் என்று மாமா ஒரு படுத்த பொம்மையைச் செய்து வைத்திருந்தாராம். அக்கா பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து, "சார், எல்லாரும் நின்னுக்கிட்டே இருக்கட்டும் சார்" என்றார். மாமா அந்தப் பொம்மையை எடுத்து பீரோவுக்குள் போட்டுவிட்டார். பன்னிரண்டு ஜவான்கள், பன்னிரண்டு பேரும் நின்றார்கள்.

நான் மாமாவிடம், "1752-ல் இந்த ஸ்ரீரங்கம் தீவிலேயே பிரெஞ்சுப் படை ஜாக் லா தலைமையில் இங்கிலீஷ்காரர்களிடம் சரணடைந்திருக்கிறதே, சந்தா சாகிப்பின் தலை போனதே, அதை வைக்கலாமே?" என்று கேட்டேன்.

"வெச்சிருக்கலாம். ஆனா அதுல பனி இல்லையே!" என்றார்.

விஜயதசமி ராத்திரி மறுபடி போயிருந்தேன். ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால் கொலு முடிந்ததாக அர்த்தம். அந்த வீட்டில் வழக்கமாக மரப்பாச்சி. மாமி அதை எடுக்கக் கை நீட்டுவதற்குள், பேரன் சியாச்சினுக்குள் கைவிட்டு பங்கர் வாசலில் காவல் நின்றவனை எடுத்துப் பனியில் படுக்க வைத்துவிட்டான். "இவன்தான் பாட்டி பத்து நாளா நின்னுண்டே இருக்கான்!"

யாரும் பேசவில்லை. மாமி பதறிப்போய் குனிந்தாள்.

"இருக்கட்டும் மாமி" என்றார் அக்கா. "அங்க தூக்கமே சரியா வர்றதில்லேன்னு போன வாரம் சொன்னான்."

இடுப்பில் செருகியிருந்த கர்ச்சீப்பை எடுத்து நாலாக மடித்து, அந்த ஐந்து சென்டிமீட்டர் ஆளுக்குக் கழுத்துவரை போர்த்திவிட்டார். ஸ்கேல் படி அது நாலைந்து ரஜாய்க்குச் சமம். மாமா ஒன்றும் சொல்லவில்லை. மாமி மரப்பாச்சியைத் திரும்பப் படியில் நிறுத்திவிட்டு ஆரத்தித் தட்டை எடுத்துவர உள்ளே போனாள்.