கையெழுத்துப் போட்டவன் நான்

கட்டடக்கலை மாணவர்களுக்கு நேரடிக் களப்பணி அனுபவம் உண்டு என்று சான்றிதழ் எழுதிக் கொடுப்பது ஸ்டூடியோ ஆசிரியரான என் வேலை. காரைக்கால்மேட்டுக்கு நான் அழைத்துப்போன மாணவர்களுக்குக் கொடுத்த சான்றிதழ் பொய்யானது. அந்தப் பொய்யில் அவர்களுக்குப் பங்கில்லை.

கருவாடு காயப்போடும் பெண்களுக்குத் தளமும் கொட்டகையும் வடிவமைக்க வேண்டும். அதுதான் வேலை. 2004 சுனாமிக்குப் பிறகு டேப் பிடித்து அளந்துபோனவர்களை நிறையவே பார்த்த கரை அது. அப்படியும் எங்களை உட்காரவைத்துப் பேசினார்கள். ஓர் அம்மா காய்ந்த நெத்திலியை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்தார். மீனைத் தள்ளிவிட்டு, கையில் ஒட்டியிருந்த மணலைக் காட்டினார். "கச்சான் அடிச்சா தெருப் புழுதி ஏறும், கொண்டல் அடிச்சா கடல் மணல் ஏறும். மண்ணு இருந்தா வியாபாரி விலையை அடிச்சிருவாரு தம்பி" என்றார். பக்கத்தில் நின்ற மாணவன் அதை அப்படியே குறித்துக்கொண்டான்.

மதிப்பெண் போடும் ஜூரிக்கு அந்த மாணவன் கொண்டுவந்த வரைபட ஷீட்டில் வளைந்த கூரை இருந்தது, கடலைப் பார்த்த திண்ணை இருந்தது. காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்பதற்கு ஓர் அம்புக்குறிகூட இல்லை. நான் கேட்கவில்லை. கோடுகளின் அழுத்தத்தைப் பற்றியும் மாடலின் நேர்த்தியைப் பற்றியும் நெடுநேரம் பேசிவிட்டு, அதற்கே அதிக மார்க் போட்டேன். அந்த நெத்திலியைவிட ஷீட் எனக்குப் பெரிதாக இருந்தது.

இதைவிடக் கேவலமானது ஒன்று உண்டு. "எப்ப சார் கட்டுவீங்க?" என்று அந்த அம்மா கேட்டார். கட்டுவதற்குப் பணமும் இல்லை, ஏற்பாடும் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். "முதல்ல வரைபடம் முடியட்டும்மா" என்றேன். மாணவர்களும் நம்பினார்கள். வரைபடம் முடிந்தது. யாரும் அதை அங்கே கொண்டுபோகவில்லை.

அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ரூரல் ஸ்டூடியோவை 1993இல் சாமுவேல் மாக்பீயும் டி. கே. ரூத்தும் தொடங்கினார்கள். அங்கே மாணவர்கள் அலபாமாவின் ஏழை ஊர்களிலேயே தங்கித் தங்கள் கையால் கட்டுகிறார்கள். படிப்பு முடிந்த பிறகும் கட்டடம் முடியும்வரை இருந்து முடித்துக் கொடுத்தவர்கள் உண்டு. வகுப்பில் அதைப் படம் போட்டுக் காட்டியவன் நான். அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்துத் தரங்கம்பாடியில் சுனாமிக்குப் பிறகு மீனவர் கூட்டமைப்பான சிஃப்ஸும் கட்டடக்கலைஞர் பென்னி குரியகோஸும் வீட்டுக்காரர்களைக் கலந்தே வீடுகளைத் திட்டமிட்டார்கள். வழி தெரியாமல் போனேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி, ஊர் உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பது அப்போதுதான். எங்கள் செமஸ்டரோ அதற்குள் முடிந்துவிடும். தேதியை மாற்றக் கேட்டிருக்கலாம். விடுமுறை போய்விடுமே என்று நான் கேட்கவே இல்லை.

அன்று குறித்துக்கொண்ட மாணவன் இப்போது வேலையில் இருக்கிறான். 'காரைக்கால்மேட்டு மீனவப் பெண்களுக்காக' என்று அந்தக் கொட்டகையைத் தன் பணித் தொகுப்பின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறான். அது அவர்கள் கைக்குப் போகவே இல்லை என்று அவனிடம் சொல்லிவிட்டேன். வரும் தடைக்காலத்தில் அந்த வரைபடங்களோடு அவனும் வருகிறான். பணம் இல்லை என்பதை ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னால், அந்தப் பெண்கள் இருக்கும்போதே, நான் சொல்ல வேண்டும்.