நிலக்கரியும் கால்பந்தும்

விளையாட்டு வீரர் என்றதும் வெற்றிக் கோப்பையும் கைதட்டலுமே நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. ஆயின், பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டோருள் மிகப் பலர் சிற்றூர் அணிகளில் சொற்பக் கூலிக்கு ஆடி ஓய்கின்றனர். அவர்தம் உழைப்பு வீண்தானா? ஸ்காட்லாந்து நாட்டு ஜாக் ஸ்டீன் அவர்களின் வாழ்வு இதற்கு விடை பகரும்.

1922-ஆம் ஆண்டு பர்ன்பேங்க் எனும் ஊரில், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த ஸ்டீன், தாமும் இளமையிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். 1942-இல் கோட்பிரிட்ஜ் நகரின் ஆல்பியன் ரோவர்ஸ் எனும் எளிய அணியில் சேர்ந்தார். வார நாள்களில் பூமிக்கடியில் வேலை, சனிக்கிழமை பந்தாட்டம். எட்டாண்டுகள் இவ்வாறே கழிந்தன. 1948-இல் அவ்வணி மேற்பிரிவுக்கு உயர்ந்தது. மறு ஆண்டே கீழிறங்கியது. 1950-இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி எனும் சிறிய அணிக்குச் சென்றார்.

1951 டிசம்பரில் கிளாஸ்கோ நகரின் செல்டிக் அணி அவரை அழைத்தது. ஏழைக் குழந்தைகளுக்கு உணவளிக்க நிதி திரட்டும் பொருட்டு, மரிஸ்ட் சபைச் சகோதரர் வால்ஃபிரிட் 1887-இல் தோற்றுவித்த அணி அது. ஸ்டீனோ கத்தோலிக்கர் அல்லர். 29 வயதினரான அவரை, இளையோருக்குத் துணையாக இரண்டாம் அணியிலேயே வைக்க எண்ணினர். மூத்த வீரர்கள் காயமுற்றதால் முதல் அணியில் இடம் கிட்டியது; பின்னர் தலைவருமானார். கணுக்காற் காயத்தால் 1957-இல் ஆட்டத்தை விட்டார். 1965-இல் அதே அணியின் மேலாளரானார். 1967 மே 25 அன்று லிஸ்பன் நகரில், இத்தாலியின் இண்டர் மிலானை 2-1 என வென்று ஐரோப்பியக் கோப்பையை ஏந்தியது செல்டிக். ஆடிய பதினொருவரும் கிளாஸ்கோவுக்கு 30 மைல் சுற்றளவில் பிறந்தவர்கள்!

சுரங்கத்தில் ஒருவர் உயிர், அருகில் நிற்பவரின் கவனத்தைச் சார்ந்தது. ஒருவரையொருவர் நம்பி உழைக்கும் அப்பாடத்தை ஸ்டீன் கற்றது புகழின் மேடையில் அன்று, இருளில்.

எனினும், லிஸ்பன் வெற்றி வந்ததால்தான் அந்த ஆண்டுகள் மதிப்புப் பெற்றன என்று கொள்ளலாகாது. ஆல்பியன் ரோவர்ஸில் அவருடன் ஆடியோருக்கு லிஸ்பன் வரவில்லை. ஆயினும் களைத்த தொழிலாளர் கூட்டத்திற்குச் சனிக்கிழமைதோறும் மகிழ்ச்சி அளித்தவர்கள் அவர்களே. நம் ஆண்டவரும் நாசரேத்துத் தச்சுப் பட்டறையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகறியாது வாழ்ந்தார் அன்றோ? அவை வெறும் காத்திருப்பு அல்ல. அவையும் தந்தைக்கு உகந்த ஆண்டுகளே.

பெற்றோரே, உங்கள் மகன் முதலிடம் பெறவில்லையே என்று வருந்தும்போது இதனை நினையுங்கள். இன்றைய கடமையை அவன் உண்மையுடன் செய்கின்றானா என்று மட்டும் பாருங்கள். மனிதர் காணாததை இறைவன் காண்கிறார்.