முள்ளும் கரண்டியும்

உண்ணும் முறையைக் கொண்டு மனிதரை எடைபோடும் வழக்கம் எல்லா நாட்டினரிடமும் உண்டு. அவ்வாறு எடைபோடப்படுவோமோ என்று அஞ்சிச் சில நாள்கள் உறக்கமின்றிக் கிடந்தவன் நான். 1998ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நிகழவிருந்த ஒரு கருத்தரங்கில் கட்டுரை படிக்க எனக்கு அழைப்பு வந்திருந்தது. கட்டுரையைப் பற்றிக் கவலையில்லை. நிறைவு நாளிரவு முறைப்படியான விருந்து நடைபெறும் என்று அழைப்பிதழின் அடியில் கண்ட ஒரு வரியே என்னை வாட்டியது.

காயல்பட்டினத்தில் சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டு வளர்ந்தவன் நான். எங்கள் ஊர்த் திருமணங்களில் சோறும் களறிக்கறியும் கத்தரிக்காய்ப் பருப்பும் ஒரே பெருந்தட்டில் வரும். அதைச் சுற்றிச் சிலராக அமர்ந்து, ‘பிஸ்மில்லாஹ்’ கூறி, அவரவர் முன்னுள்ள பகுதியிலிருந்து வலக்கையால் எடுத்து உண்போம். வீட்டிலும் வாப்பாவோடு நாங்கள் அவ்வாறே உண்டோம். எங்கள் வாப்பா சிறிதே உண்பவர்கள். ஆயினும் பிள்ளைகள் உண்டு முடியும்வரை கையை எடுக்கமாட்டார்கள். நாலைந்து பருக்கைகளை விரல் நுனியால் அளைந்துகொண்டே இருப்பார்கள். அவர்களுக்குப் பசி தீரவில்லை என்றே சிறுவயதில் நான் எண்ணியிருந்தேன்.

கத்தியும் முட்கரண்டியும் ஏந்தும் நாகரிகத்தைத் திரைப்படங்களில் மட்டுமே கண்டிருந்த நான், சென்னையிலிருந்து ஒரு வழிகாட்டி நூலை வருவித்தேன். ஓரிரவு எங்கள் உம்மா வீட்டு நடுக்கூடத்தில் அமர்ந்து அந்நூலின் படங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழுந்த வாப்பா என் பின்னால் வந்து நின்றார்கள். சற்று நேரம் பார்த்துவிட்டு, “இந்தப் படம் பிழை. ரொட்டித் தட்டு இடப்பக்கம் வரணும்” என்றார்கள்.

நான் திகைத்துத் திரும்பினேன். வாப்பாவுக்கு அப்போது வயது 66. ஊரில் சிறியதொரு துணிக்கடை வைத்திருந்து, அதையும் மூடிவிட்டு ஓய்ந்திருந்த நேரம். ஆங்கிலம் படித்தவர்கள் அல்லர். மேசை நாற்காலியில் அமர்ந்து அவர்கள் உண்டதை நான் கண்டதுமில்லை.

தொழுது முடித்து வந்தவர்கள், பாயின்மேல் ஒரு வெள்ளை விரிப்பை விரித்தார்கள். அடுக்களையிலிருந்து இரண்டு கரண்டிகளையும் காய் நறுக்கும் கத்தியையும் கொண்டு வந்தார்கள். முட்கரண்டிக்கு எங்கே போவது? தென்னை ஈர்க்குகளை மூன்று மூன்றாக நூலால் கட்டி அதையும் உண்டாக்கிக்கொண்டார்கள். தட்டின் இடப்பக்கம் முள், வலப்பக்கம் கத்தி. கத்தியின் கூர்முகம் தட்டை நோக்கியிருக்க வேண்டும். மேசையில் எத்தனை கருவிகள் கிடந்தாலும் மலைக்க வேண்டாம். வெளிப்புறத்தில் உள்ளதை முதலில் எடுத்து, உணவு மாற மாற உள்நோக்கிச் செல்ல வேண்டும். சூப்பைத் தன்னை நோக்கி அள்ளாமல் எதிர்ப்புறமாக அள்ள வேண்டும். ரொட்டியைக் கத்தியால் அறுக்கலாகாது. கையால் பிய்க்க வேண்டும். (அங்கேயும் கைக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள் என்று வாப்பா சிரித்தார்கள்.) மீனுக்குத் தனிக் கத்தி, அதற்குக் கூர்மை இராது. இவ்வளவையும் வரிசை பிறழாமல் ஈர்க்குக் கட்டுகளைக் கொண்டே காட்டினார்கள்.

இறுதியாக ஒன்று சொன்னார்கள். இளைப்பாறும்போது முள்ளையும் கத்தியையும் தட்டில் பிரித்துவைக்க வேண்டும். போதும் என்றால் இரண்டையும் அருகருகே சேர்த்துவைக்க வேண்டும். “சாப்பிடுகிறவரிடம் போய் முடிந்ததா என்று கேட்கக்கூடாது, வாப்பா. தட்டு நமக்குச் சொல்லிவிடும்.” மகனையும் ‘வாப்பா’ என்று அழைப்பது எங்கள் பக்கத்து வாஞ்சை.

எனக்கு ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. இடக்கையில் முள்ளேந்தி உண்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறைக்கு மாறாயிற்றே? வாப்பா அதற்கும் விடை வைத்திருந்தார்கள். “நறுக்கும்போது முள் இடக்கையில் இருக்கட்டும். நறுக்கியதும் கத்தியைத் தட்டின் மேல்விளிம்பில் படுக்க வைத்துவிட்டு, முள்ளை வலக்கைக்கு மாற்றிக்கொள். அமெரிக்காக்காரன் எல்லாம் அப்படித்தான் சாப்பிடுவான். யாரும் உன்னைத் தவறாக நினைக்கமாட்டார்கள்.”

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும், வாப்பா?”

ஈர்க்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தபடியே சொன்னார்கள். 1948இல், 16 வயதில், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறிக் கொழும்பு சென்றவர்கள், ஐரோப்பியர் தங்கும் ஒரு பெரிய ஓட்டலில் மேசைப் பணியாளாகச் சேர்ந்திருக்கிறார்கள். மதுக்கிண்ணம் ஏந்தாத வேலையாக வேண்டும் என்று கேட்டுப் பெற்றது கரண்டி, கத்தி, முள் ஆகியவற்றைத் துலக்கி, எண்ணி, மேசையில் அடுக்கும் பணி. இரவில் எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். அப்பணியாளர்கள் பந்தி முடிந்த பிறகு பின்கட்டில் தரையில் அமர்ந்து, வீட்டிலிருப்பதுபோல் கையால் உண்பார்களாம். குடியுரிமைச் சட்டமும் விசாக் கட்டுப்பாடும் இறுகி இறுகி, 1964இன் தொடக்கத்தில் ஊர் திரும்பினார்கள். அவ்வாண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே அழிந்துபட்டது.

“ஊரில் கேட்டால் வியாபாரம் என்றுதான் சொல்லியிருக்கேன்” என்றார்கள்.

நானும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். கல்லூரி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘கொழும்பில் வணிகம் செய்தவர்’ என்று பெருமையோடு எழுதியவன் நான். உண்மை தெரிந்த பிறகும் பல ஆண்டுகள் அந்தச் சொல்லை நான் மாற்றவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். விருந்து மேசையில் அமரப்போகும் மகனுக்கு, விருந்து மேசைக்குப் பின்னால் நின்ற தந்தையைச் சொல்ல நாணமாயிருந்தது. முத்தும் மாணிக்கமும் விற்றவர்களைப் பாடும் ஊரில் கரண்டி துலக்கியவரை யார் பாடுவார்?

இலண்டன் விருந்து இனிதே முடிந்தது. மீன் வேண்டுமென்று முன்னரே கேட்டிருந்தேன். கூர்மையற்ற கத்தி தன் இடத்திலேயே இருந்தது. நான் முள்ளை வலக்கைக்கு மாற்றுவதைக் கண்ட பக்கத்து இருக்கைப் பேராசிரியர், “அமெரிக்காவில் படித்தீர்களோ?” என்று வினவினார். “இல்லை, என் தந்தையிடம் படித்தேன்” என்றேன். அவர் மேலும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அங்கிருந்து திரும்பிய பின் இப்பொருள் பற்றிச் சில நூல்களைத் தேடிப் படித்தேன். மேல்நாட்டார் தொன்றுதொட்டு முள்ளேந்தி உண்டவர்கள் அல்லர். 11ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்திலிருந்து வெனிஸ் நகருக்கு மணமாகி வந்த இளவரசி ஒருத்தி சிறு பொன்முள்ளால் உண்டதை ஆடம்பரமென ஒரு துறவி கண்டித்து எழுதினார். 1608இல் இத்தாலி சென்ற தாமஸ் கோரியட் என்னும் ஆங்கிலேயர் அங்கே முட்கரண்டியைக் கண்டு வியந்து, 1611இல் வெளியிட்ட தம் பயண நூலில் அதை எழுதினார். தாமும் அவ்வாறே உண்ணத் தொடங்கியதால் நண்பர்களின் கேலிக்கு ஆளானார். அதே கோரியட் பின்னர்க் கால்நடையாகவே நம் நாட்டுக்கு வந்து, 1617இல் சூரத்தில் இறந்தார். முள்ளேந்தியதற்காக நகைக்கப்பட்ட அவர், கையால் உண்ணும் நம்மவரிடையே எப்படி உண்டாரோ!

1530இல் சிறுவர்க்கு நன்னடை கற்பித்து நூல் எழுதிய எராஸ்மஸ், உணவு படிந்த விரல்களைச் சூப்புவது நாகரிகமன்று என்றார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ மூன்று விரல்களால் உண்டு, அவ்விரல்களில் ஒட்டியதையும் வீணாக்காமல் சூப்பியதாக நபிமொழி நூல்கள் உரைக்கின்றன. இவற்றுள் எது உயர்ந்தது என்று மேடையேறி வழக்காடுவோர் உளர். அந்த வழக்கில் எனக்கு என்றுமே சுவை இருந்ததில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா’வில் உணவு ஒழுக்கம் பற்றிய பகுதியே என்னை நிறுத்திவைத்தது. உடன் உண்போர் தமக்குப்பின் உண்ணக் கூசுவாராயின், தாம் முன்னதாகக் கையை எடுத்துவிடாமல், சிறிது சிறிதாகவேனும் உண்டு அவர்களுக்குத் துணையிருக்க வேண்டும் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். பருக்கையை அளையும் ஒரு விரல் நுனி என் கண்முன் தோன்றியது.

இலண்டனிலிருந்து வாப்பாவுக்கு ஒரு முள், ஒரு கத்தி, ஒரு கரண்டி அடங்கிய சிறு பெட்டியை வாங்கி வந்திருந்தேன். அவர்கள் அவற்றால் ஒரு நாளும் உண்ணவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை எடுத்துத் துலக்குவார்கள், துடைப்பார்கள், பெட்டியில் வைக்குமுன் எண்ணுவார்கள். இருப்பது மூன்றே, ஆயினும் எண்ணுவார்கள்.

2018இல் வாப்பாவைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கை வீழ்ந்தது, அத்துடன் பேச்சும் போயிற்று. உம்மா அதற்கு முன்பே மறைந்துவிட்டார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி அந்த வீடு என் தங்கையுடையது. நான் மனைவி வீட்டிலிருந்து நாள்தோறும் பகலுணவு வேளையில் அங்கே செல்வேன். நிமிர்த்தி அமர்த்தி, குழைவான உணவை, சிறிது சிறிதாக, விழுங்கியதை உறுதிசெய்துகொண்டு கொடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். இயலாதவர் இடக்கையால் உண்பதில் குற்றமில்லை என்று ஆலிம் ஒருவர் வந்து கனிவோடு விளக்கினார். வாப்பா கண்களை மூடிக்கொண்டார்கள். கரண்டியை இடக்கையில் கொடுத்தால் கீழே வைத்துவிடுவார்கள்.

ஆகவே நாங்கள் ஊட்டினோம். சில கவளங்களுக்குப் பின் வாயை இறுக மூடிக்கொள்வார்கள். தங்கை கெஞ்சுவாள், அழுவாள். முதுமை எய்திய பெற்றோரை நோக்கி ‘சீ’ என்றும் சொல்லாதே என்னும் இறைமறைக் கட்டளையை எத்தனையோ மேடைகளில் விளக்கிப் பேசியவன் நான். ஒரு பகலில், கல்லூரிக்குத் திரும்ப நேரமாகிவிட்ட பதற்றத்தில், “வாயைத் திறங்க வாப்பா!” என்று குரலை உயர்த்தினேன். அந்தச் சொல் இல்லையே தவிர, அதன் பொருள் அத்தனையும் என் குரலில் இருந்தது.

வாப்பா என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தார்கள். தங்கை கஞ்சிக்காக அந்த இலண்டன் கரண்டியையும், வாழைப்பழம் மசிக்க முள்ளையும் வைத்திருந்தாள். கஞ்சியில் தோய்ந்த கரண்டியை நான் தட்டின் ஓரத்தில் போட்டிருந்தேன். வாப்பாவின் இடக்கை மெல்ல நகர்ந்து, கரண்டியை முள்ளின் அருகே தள்ளி, இரண்டையும் ஒன்றுக்கொன்று இணையாக நேர்படுத்தியது. பின் கை மடிக்குத் திரும்பியது.

“இப்படித்தான் அண்ணா, தினமும் எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பார்கள்” என்றாள் தங்கை.

தினமும்! எத்தனை நாள்களாக அவர்கள் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களோ, கேட்கத் தெரிந்த ஒருவன் எதிரில் அமர்ந்தும் கேட்கவில்லை. தங்கையிடம் அந்த ஈர்க்குப் பாடத்தைச் சொன்னேன், கொழும்பையும் சொன்னேன். அவளுக்கும் அதுவரை தெரியாது.

மறுநாள் முதல் சஹனையே கொண்டுவரச் செய்தேன். ஒருபுறம் அவர்களுக்குக் குழைந்த சோறு, மறுபுறம் எனக்கு. அவர்கள் பக்கத்து விளிம்பில் முள்ளும் கரண்டியும் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். இரண்டும் பிரிந்திருக்கும்வரை ஊட்டுவேன், சேர்ந்தால் நிறுத்துவேன். வாயை மூடும் போராட்டம் அதோடு நின்றது. கல்லூரியில் பிற்பகல் முதல் வகுப்பை மாற்றித் தருமாறு கேட்டபோது, காரணத்தை மறைக்காமல் சொன்னேன். என் தந்தை கொழும்பில் மேசைப் பணியாளராக இருந்தவர் என்று நான் பிறரிடம் கூறியது அதுவே முதன்முறை.

அவர்கள் 2019இல் இறையடி சேர்ந்தார்கள். அல்லாஹ் அவர்களது மண்ணறையை விசாலமாக்குவானாக. கடைசி வாரங்களில் ஒரு பகல். நாலைந்து கவளத்திற்கு மேல் செல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் முள்ளும் கரண்டியும் பிரிந்தே கிடந்தன. மேலும் வேண்டுமோ என்று ஒரு கவளம் எடுத்துச் சென்றேன், தலையசைத்து மறுத்தார்கள். மறதி என்று எண்ணிக்கொண்டு சற்றுக் காத்திருந்தேன். அப்போதுதான் அவர்கள் பார்வை சஹனில் என் பக்கத்தில் இருப்பதைக் கண்டேன். என் சோறு தொடப்படாமல் ஆறிக்கிடந்தது.

நான் உண்டேன். கடைசிப் பிடி உள்ளே சென்ற பிறகு, வாப்பாவின் இடக்கை எழுந்து, கரண்டியை முள்ளின் அருகே கொண்டுவந்து சேர்த்தது.