முன்பு ஒன்றும் இல்லையா?

தொடக்கநிலை 5 மாணவர்களுக்கு ‘நான் வாழும் வட்டாரம்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். ஒரு மாணவன், “பொங்கோலில் முன்பு ஒன்றும் இல்லை. பிறகு அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன” என்று எழுதியிருந்தான். எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழையும் இல்லை. நானும் சரியென்று குறியிட்டுத் தந்துவிட்டேன்.

பெற்றோர் சந்திப்பு நாளன்று அவனுடைய தாத்தா அந்தத் தாளுடன் வந்தார். “டீச்சர், ஒன்றும் இல்லாத இடத்துக்கா நான் பஸ் ஏறி மீன் வாங்கப் போனேன்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பொங்கோலில் மலாய் மீனவர்கள் வாழ்ந்த கம்பம் ஒன்று இருந்தது. வாக் சுமாங் என்பவர் அதனை நிறுவினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ‘வாக்’ என்பது, நாம் பெரியப்பா என்பதைப் போல, மூத்தவரை மரியாதையுடன் அழைக்கும் சொல். ‘பொங்கோல்’ என்னும் பெயரே, பழம் விழுவதற்காக மரக்கிளைமீது கம்பெறிவதைக் குறிக்கும் மலாய்ச் சொல் என்பர். பின்னாளில் சீனக் குடும்பங்கள் ரப்பர் பயிரிட்டன. கோழியும் பன்றியும் வளர்த்தன. பேருந்து நிற்கும் முன்னரே இடம் வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடுமாம். தாத்தா கூறியது இது.

1920களின் இறுதியில் வில்லியம் லாரன்ஸ் சோமா பசாப்பா என்ற இந்தியர் இங்கே விலங்குத் தோட்டம் ஒன்றை நடத்தினார். போர் அதனை அழித்தது. 1942 பிப்ரவரி 28ஆம் நாள், இதே கடற்கரையில் ஜப்பானியர் 300 முதல் 400 வரையிலான சீனர்களைச் சுட்டுக் கொன்றனர். இன்று நம் பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டும் கரை அது.

1996இல் ‘பொங்கோல் 21’ திட்டம் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே வந்த ஆசிய நிதி நெருக்கடியால் பணிகள் தாமதமாயின. பின்னர் வீடுகள் எழுந்தன. 2011இல் ஆற்றின் முகத்துவாரம் அடைக்கப்பட்டு, உப்பு நீர் ஓடிய இடம் நன்னீர்த் தேக்கமாயிற்று. இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. என் மாணவர்கள் அந்த வீடுகளில்தான் நலமாக வளர்கின்றனர். அவர்கள் குடிக்கும் நீரும் இத்தகைய நீர்த்தேக்கங்களிலிருந்து வருவதே.

ஆயினும் ஓர் உறுத்தல். அந்த மாணவன் நாள்தோறும் இறங்கும் இலகு ரயில் நிலையத்தின் பெயர் சுமாங். அது ஒரு மனிதரின் பெயர் என்று அவனுக்குத் தெரியாது. அதைச் சொல்லவேண்டிய எனக்கும் தோன்றவில்லை. தோட்டங்களிலும் துறைமுகத்திலும் உழைத்த நம் முன்னோரைப் பற்றி, “முன்பு ஒன்றும் இல்லை” என்று யாராவது எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்?

மறுவாரம் அதே தலைப்பை மீண்டும் கொடுத்தேன். வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் கேட்டறிந்த ஒரு செய்தியேனும் இடம்பெற வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பெற்றோரே, பிள்ளை கேட்கும்போது “நேரமில்லை” என்று சொல்லிவிடாதீர்கள். தாத்தா பாட்டியிடம் அனுப்புங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.